சத்தம் போடாத நாய்

என்னிடம் ஒரு பழைய நாளிதழ்ப் பக்கம் இருக்கிறது. ஞாயிறு இணைப்பின் ஐந்தாம் பக்கம். மேல்பாதி முழுவதும் நான் எழுதிய கட்டுரை. ‘உங்கள் வீட்டுக்கு ஏற்ற நாய் எது?’ என்று தலைப்பு. கூடவே ஒரு வெளிநாட்டு நாயின் படம். அதற்கும் கட்டுரைக்கும் தொடர்பில்லை, இடத்தை நிரப்பப் போட்டது. கடைசிப் பத்தியின் அடிப்பகுதியில் ஒரு செவ்வக ஓட்டை இருக்கிறது. பதினோரு வரிகள் அங்கே இருந்தன. பிளேடால் வெட்டியிருக்கிறார்கள். பத்திகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தைத் தாண்டாமல், பக்கத்தில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல் வெட்டியது. எங்கள் அலுவலகத்தில் பத்திரிகைத் துண்டுகள் சேகரிப்பதற்கென்றே ஒருவர் இருந்தார். அவர்கூட இவ்வளவு சுத்தமாக வெட்டி நான் பார்த்ததில்லை.

வெட்டியவரை நான் அக்கா என்று அழைத்தேன். உறவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் நான் நிருபராக இருந்த மூன்று ஆண்டுகள், மாடி அறையில் நானும் கீழ்ப்பகுதியில் அவரும் அவர் கணவரும் குடியிருந்தோம். அண்ணன் ஒரகடம் சாலையில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் லைன் சூப்பர்வைசர். ஷிப்டு வாராவாரம் மாறும். அந்தத் தெருவே அப்படித்தான். ஒவ்வோர் அறையிலும் தெற்கிலிருந்து வந்த ஐந்தாறு பையன்கள், எந்த நேரத்திலும் பாதித் தெரு தூங்கிக்கொண்டிருக்கும். கீரைக்காரர் மற்ற தெருக்களில் கூவிவிட்டு எங்கள் தெருவுக்குள் வாயை மூடிக்கொண்டு நுழைவார். கூவினால் ஏதாவதொரு ஜன்னலிலிருந்து திருநெல்வேலித் தமிழில் வசவு வரும். அண்ணனுக்கு இரவு ஷிப்டு வரும் வாரங்களில் அக்கா பகலில் மிக்சி போடமாட்டார். பாத்திரங்களைத் துணி விரித்து அதன்மேல் அடுக்குவார். தொலைக்காட்சித் தொடரை ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டுப் பார்ப்பார். வாசலைக் கடந்து மாடிப்படி ஏறும்போது, நீல வெளிச்சத்தில் ஒரு பெண் சத்தமில்லாமல் அழுவதை இன்னொரு பெண் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பதைப் பல நாள் கண்டிருக்கிறேன். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

அடுத்த தெருவில் சுவரேறிக் குதித்து யாரோ கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போன வாரத்தில் அண்ணன் மாடிக்கு வந்தார். இரவு ஷிப்டில் வீட்டில் அக்கா தனியாக இருப்பது அவருக்குக் கவலையாகிவிட்டது.

“ரிப்போர்ட்டர் சார், ஊர்ல எவன் எவனையோ கேள்வி கேக்கறீங்க. எனக்கோசரம் ஒண்ணு விசாரிச்சுச் சொல்லுங்க. இன்னா நாய் வாங்கலாம்? பகல்ல சத்தம் போடக் கூடாது, நைட்ல போடணும்.”

“ஏ ஷிப்டு, சி ஷிப்டு தெரிஞ்ச நாயாண்ணே?”

“அப்படி ஒண்ணு கெடைச்சா முதல் நாளே பெர்மனென்ட் பண்ணிடலாம் சார். நம்ம பசங்களுக்கே அது தெரியல.”

நான் அதை ஒரு செய்தியைப் போலவே விசாரித்தேன். காஞ்சிபுரத்தில் ஒரு கால்நடை மருத்துவரைப் பார்த்தேன். நாய் வளர்க்கும் நாலு வீடுகளுக்குப் போனேன். குறிப்பேட்டில் வரிசையாக எழுதினேன். பொமரேனியன் சிறிய வீட்டுக்கு ஏற்றது, ஆனால் காற்றடித்தாலும் குரைக்கும். அல்சேஷனுக்கு இந்தப் பக்கத்து வெயில் ஒத்துக்கொள்ளாது, முடியும் கொட்டும். லாப்ரடார் பிள்ளைகளோடு நன்றாகப் பழகும், திருடனோடும் பழகும். “இனத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடி வீட்டோட நேரத்தைப் பாருங்க. யார் எப்போ இருப்பாங்க, யார் எப்போ தூங்குவாங்கன்னு பாருங்க” என்று மருத்துவர் சொன்னதை அடிக்கோடிட்டு வைத்தேன். கடைசியில் ராஜபாளையம் என்று முடிவு செய்தோம். நம் வெயிலுக்குப் பழகியது, முடி குறைவு, அந்நியரை அண்டவிடாது. நானும் அண்ணனும் இதைப் பேசிய மூன்று மாலைகளிலும் அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். எங்கள் இருவரில் யாரும் அவரை எதுவும் கேட்டதாக நினைவில்லை.

தாம்பரம் அருகே ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் வீட்டில் ஆறு குட்டிகள் இருந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வீட்டம்மா கையிலிருந்து அலுமினியத் தட்டு சிமென்ட் முற்றத்தில் விழுந்து உருண்டது. ஐந்து குட்டிகள் சிதறி ஓடின. ஆறாவது மட்டும் சாக்கின் மேல் படுத்தபடியே தூங்கியது. அதுதான் எல்லாவற்றிலும் தூய வெள்ளை. மூக்கு இளஞ்சிவப்பு. பதறாத குட்டி, பிறவியிலேயே நிதானம் என்று நினைத்தேன். “இதுதாண்ணே உங்க வீட்டுக்கு” என்றேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, “தம்பிக்கு நல்ல கண்ணு” என்றார். பேருந்தில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சொல் எனக்கு இனித்துக்கொண்டிருந்தது.

குட்டி ஆறேழு மாதத்தில் இடுப்புயரம் வளர்ந்தது. பகலில் அக்காவின் காலடியிலேயே கிடக்கும். குரைப்பது அபூர்வம், குரைத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். காலையில் கம்பெனி பஸ் தெருமுனையில் திரும்புவதற்கு முன்பே எழுந்து வாசல் கேட் அருகில் போய் நிற்கும். “ஹாரன் அடிக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கறான் சார். இன்னா காது!” என்று அண்ணன் தன் லைனில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். தண்ணீர் லாரி வந்தாலும் அது அப்படியே எழுந்து போய் நிற்பதை நான் பலமுறை மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். பார்த்தேனே தவிர, என்ன பார்க்கிறேன் என்று யோசிக்கவில்லை.

ஒரு மதியம் மாடிப்படியில் என் கையிலிருந்து நழுவிய இரும்பு வாளி, ஒவ்வொரு படியிலும் மோதி, கடைசிக்கு முந்தின படியில் சிக்கி நின்றது. எதிர்வீட்டு அறையிலிருந்து ஒரு பையன், “எவம்ல அது” என்று கத்தினான். படிக்கட்டுக்கு முதுகு காட்டி வாசல் கட்டிலில் படுத்திருந்த நாய் அசையவில்லை. அது தூங்கவில்லை. கண் திறந்திருந்தது, வால் நுனி ஆடிக்கொண்டிருந்தது. குழாயடியில் இருந்த அக்கா நாயைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

“பாத்துட்டீங்களா தம்பி.”

நான் இறங்கிவந்து நாயின் பின்னால் நின்று கை தட்டினேன். ஒன்றுமில்லை. அக்கா குதிகாலால் தரையில் இரண்டு முறை ஓங்கி மிதித்தார். நாய் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கி, இறங்கி அவரிடம் ஓடியது.

“மூணாம் நாளே தெரியும். குக்கர் விசிலு அடிச்சா எனக்கே தூக்கிவாரிப் போடும். இது அடுப்பாண்ட படுத்துக்கினு காது மடலைக்கூட அசைக்கல.”

“அண்ணன்கிட்ட சொல்லலையா?”

“சொன்னா திருப்பிக் குடுத்துட்டு வேற எடுத்துக்கினு வருவாரு. காவலுக்குன்னு வாங்கினது ஆச்சே.” நாயின் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “காது கேக்காதுன்னு தெரிஞ்சப்புறம்தான் தம்பி நான் இதுகிட்ட பேசவே ஆரம்பிச்சேன். நாள்பூரா வாயை மூடிக்கினு இருக்கற வூட்ல யார்கிட்டனா பேசணும் இல்ல? இது மூஞ்சியவே பாத்துக்கினு இருக்கும். பாதியில எழுந்து போவாது. போய் ஒருத்தர்கிட்ட சொல்லவும் சொல்லாது.” பிறகு சிரித்தார். “நீங்களும் சொல்லிடாதீங்க. பேப்பர்காரர் வாயி.”

“நான் ஏங்க்கா சொல்லப் போறேன்” என்றேன்.

வாயால் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து ஞாயிறு இணைப்புக்கு அவசரமாக ஒரு கட்டுரை கேட்டார்கள். புறநகரில் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் நாய் வாங்குகிறார்கள், எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்று எழுது என்றார்கள். என் குறிப்பேடு தயாராக இருந்தது. ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்தேன். படித்துப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் யாரும் எழுதக்கூடியதாகவும் இருந்தது. என்னிடம் மட்டும் இருந்த ஒரு தகவலைக் கடைசியில் சேர்த்தேன். தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்க்கும் ஒருவர் வீட்டில், நிதானம் என்று நம்பி வாங்கிய வெள்ளைக் குட்டிக்குக் காது கேளாது. அந்த வகை வெள்ளையில் இது அரிதல்ல. வாங்கும்போது மற்ற குட்டிகளிடமிருந்து பிரித்து, பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். அதோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் எச்சரிக்கை. நான் மேலும் எழுதினேன். கேளாத அந்த நாயிடம்தான் அந்த வீட்டுப் பெண் தன் மனதிலுள்ளதையெல்லாம் பேசுகிறார், காவலுக்கு உதவாத நாய் துணைக்கு உதவுகிறது என்றேன். பெயர் இல்லை, ஊர் இல்லை. அது அவருக்குப் பெருமை சேர்ப்பதாகவே நினைத்தேன். தனியாகத் தூங்கும் பெண்ணுக்குக் காது கேளாத காவல், கணவருக்குத் தெரிவது நல்லதுதானே என்றும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்படித் தோன்றியிருந்தால் நேராகவே அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். உதவி ஆசிரியர் தொலைபேசியில், “கடைசியில அந்த அம்மா விஷயம் பிரமாதம்ப்பா” என்றார்.

கீழ்வீட்டுக்கு எங்கள் நாளிதழ்தான் வரும். அந்த ஞாயிறு நான் சென்னையில் இருந்தேன். மறுநாள் மாலை அண்ணன் காலை ஷிப்டு முடித்து, சீருடையைக்கூடக் கழற்றாமல் மேலே வந்து என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். கையில் இந்தப் பக்கம் இருந்தது.

“நேத்தே படிச்சேன் சார். நடுவுல ஓட்டை. பின்பக்கம் சமையல் குறிப்பு எதுனா வந்திருக்கும், வெட்டி எடுத்துக்கினா போலன்னு உட்டுட்டேன். இன்னிக்குக் கேன்டீன்ல இதே பக்கம் கெடந்துது. ஓட்டையில இன்னா இருந்துதுன்னு பாத்தேன்.”

வெட்டாமல் விட்டிருந்தால் அது தன் வீடென்று அவருக்கு உறைத்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் நாயின் காதைப் பற்றி ஏதோ விளக்கத் தொடங்கினேன். கையை ஆட்டி நிறுத்தினார்.

“அது கெடக்கட்டும். அவ நாய்கிட்ட இன்னா பேசறா? உங்ககிட்ட சொன்னாளா?”

“இல்லண்ணே. நான் கேக்கல.”

கையிலிருந்த பக்கத்தை மடித்து மறுபடி விரித்தார். “ஒம்போது வருசமா அவளுக்குப் பேசறதுக்கு ஒண்ணுமில்லன்னு நெனச்சுக்கினு இருந்தேன் சார்” என்றார். பக்கத்தை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப்போனார். கீழே சண்டை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் கெட்டவர் இல்லை. மறுவாரம் இரவு ஷிப்டு. காது கேளாத நாயை நம்பி மனைவியை விட்டுப்போக அவரால் முடியவில்லை, இரண்டு நாய் வைக்க அந்த வீட்டில் இடமில்லை. அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியாது. பிள்ளைப்பாக்கம் பக்கம் வேலி போட்ட ஒரு மனையில் கட்டிவைக்க, நிலத்தரகர் ஒருவர் வெள்ளை நாய் என்றதும் ஒப்புக்கொண்டார். ஞாயிறு காலை மினி லாரி வந்தது. நான் மாடிக் கைப்பிடிச் சுவரருகில் நின்றிருந்தேன். நாய் வண்டியின் மேல், சாலையைப் பார்த்து நின்றது. அது திரும்பவேண்டும் என்று அக்கா கேட்டருகில் குதிகாலால் தரையை மிதித்தார். இரண்டு முறை. மீண்டும் இரண்டு முறை. வண்டி மேல் நின்ற நாய்க்குத் தரையின் அதிர்வு எட்டாது. இன்ஜின் கிளம்பியபோது அதன் உடல் சிலிர்த்தது, ஆனால் தலை திரும்பவில்லை.

அதன்பிறகு நிலம் கையகப்படுத்தும் செய்திகளுக்காகப் பிள்ளைப்பாக்கத்துக்கு மூன்று முறை போனேன். அந்த மனை எங்கே என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. விசாரிப்பதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கீழ்வீட்டுக்கு ஒரு பொமரேனியன் வந்தது. காற்றுக்கும் குரைத்தது. எதிர் அறைப் பையன்கள் லுங்கியோடு வந்து முறையிட்டார்கள், அண்ணன் பொறுத்துக்கொண்டார். அதுவரை வழக்கமில்லாத ஒன்றையும் அவர் செய்யத் தொடங்கினார். வேலை முடிந்து வந்ததும் வாசலில் நாற்காலி போட்டு அக்காவையும் உட்காரச் சொல்வார். “அப்புறம், இன்னா?” என்பார். அக்கா, “ஒண்ணுமில்ல” என்பார். சிறிது நேரம் இருவரும் தெருவைப் பார்ப்பார்கள். நாய் குரைத்துக்கொண்டிருக்கும்.

அக்கா என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. விசேஷ நாட்களில் முன்போலவே பலகாரம் மேலே வந்தது. ஒருநாள், குற்றத்தின் அளவை நானே சோதித்துப் பார்ப்பதைப் போல, “இதுகிட்ட பேசறீங்களாக்கா?” என்று கேட்டேன். அவர் பொமரேனியனின் முதுகைச் சீவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“இதுக்குத்தான் எல்லாம் கேக்குதே தம்பி.”

ஆறு மாதத்தில் எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. அந்த வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் நான்கு மாடி விடுதி நிற்கிறது. அவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியாது. என்ன நாய் வாங்கலாம் என்று நண்பர்கள் இன்றும் என்னைக் கேட்பதுண்டு. வெயில், முடி, குரைப்பு, பின்னால் நின்று கை தட்டுவது எல்லாம் சொல்கிறேன். வெட்டப்படாத முழுப் பக்கம் அலுவலகக் கோப்பில் இருக்கும். நான் தேடியதில்லை. அந்தப் பதினோரு வரிகளில் ஒரு தகவல் பிழைகூட இல்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது.

எப்போதாவது இந்தப் பக்கத்தை எடுத்து விரிக்கும்போது ஓட்டைக்கு நேர்மேலே தப்பி நிற்கும் வரியைப் படிக்கிறேன். அதுவும் நான் எழுதியதுதான். ‘நாய் வாங்குமுன் வீட்டிலுள்ள எல்லோரையும் கேளுங்கள், பகல் முழுவதும் அதனோடு இருக்கப்போகிறவரை முதலில் கேளுங்கள்.’ முற்றுப்புள்ளி வரை அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே ஓட்டை தொடங்குகிறது.