நோட்டீஸ் கொடுக்காத கோபம்

திருச்சபை வளாகத்தில் கடை போட்டவரை அகற்ற, ஏழு நாள் முன்பே எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். தாராபுரம் சபைச் செயலராக அந்த விதியை எழுதியவனே நான்தான்.

தொண்ணூறுகளில் ஒரு ஞாயிறு. ஆராதனை நேரத்தில் வாசலில் மரியம்மாள் வடை சுடுவதைக் கண்டதும், ஆலயத்தில் வியாபாரிகளின் மேசைகளைக் கவிழ்த்த இயேசுவாகவே என்னை நினைத்துக்கொண்டு அவர் மேசையை உதைத்தேன். இயேசு கவிழ்த்த மேசையில் அடுப்பு எரியவில்லை. கொதித்த எண்ணெய் மரியம்மாளின் காலில் கொட்டியது.

"எப்படிங்கம்மா ஆச்சு?" என்று போதகர் ஓடி வந்தார்.

"நானே தடுக்கி உழுந்துபோட்டனுங்க. அய்யா புடிக்கத்தான் வந்தாருங்க."

நான் மறுக்கவில்லை. என் பாவத்தைத் தன் காலில் சுமந்துகொண்டு அவர் காங்கேயத்து மகள் வீட்டுக்குப் போனார்.

ஒரு மாதம் தூக்கமில்லை. சபையார் முன் எழுந்து உண்மையைச் சொன்னேன். மரியம்மாளுக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன்.

"கால் ஆறிப்போச்சுங்க. மறுபடியும் கடை போடலாமுங்களா?" என்ற பதில், பெரிய வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள், இயேசு சீடர்களின் கால்களைக் கழுவிய நாளில் வந்தது.