காலைச் சுற்றிய நங்கூரக் கயிறு

போன ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. குருபரப்பள்ளியைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு பெரிய ஏரியில் நடந்தது இது.

நானும் கணவரும் ஓசூரில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். அவருக்குத் தூண்டில் பைத்தியம். கரையில் உட்கார்ந்து பிடிப்பது போதாதென்று, கயாக் என்கிற துடுப்புப் படகு வாங்க வேண்டும் என்று எப்போதும் அதே பேச்சு. ஒருவழியாக பெங்களூரில் ஒரு கடைக்குப் போனோம். அவர் கண் ஒல்லியான, வேகமாகப் போகும் படகின் மேலேயே இருந்தது. எனக்கோ நீச்சல் தெரியாது. "நான் வரணும்னா இதுதான்" என்று அகலமான, இரண்டு பேர் உட்காரும் படகில் கடைக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துவிட்டேன். அதையே வாங்கினோம்.

பிறகு எங்கள் ஹால் பட்டறையாகிவிட்டது. தூண்டில் செருக பிவிசி குழாய், சாமான் வைக்கப் பின்னால் ஒரு பால் கிரேட், நங்கூரத்துக்கு நைலான் கயிறு என்று தினமும் ஒன்றைப் பூட்டினார். கீழ் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், ஓசூருக்குக் கடல் வரப் போவுதா?" என்றார்.

அன்று மீன் குத்தகைக்காரரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு ஏரியில் இறங்கினோம். இரண்டு ஜிலேபி மீன் கிடைத்தது. புழுக்கமாக இருக்கிறதென்று அவர் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி வைத்தார். கொஞ்ச நேரத்தில் காற்று கிளம்பியது. திரும்பலாம் என்று நங்கூரத்தை இழுத்தால் வரவில்லை. தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்த ஏதோ மரத்தில் மாட்டியிருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து பலம் கொண்டமட்டும் இழுத்தார். ஒரு அலை அடித்தது. படகு கவிழ்ந்துவிட்டது.

என் ஜாக்கெட் என்னை மேலே தூக்கிவிட்டது. மூச்சு வாங்கித் திரும்பிப் பார்த்தால், அவர் முகம் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. "கயிறு கால்ல சுத்திக்கிச்சு... கீழ இழுக்குது!" என்றார். அறுக்கலாம் என்றால், மீன் வெட்டக் கொண்டுவந்த கத்தி பால் கிரேட்டோடு மூழ்கிவிட்டது.

ஒரு கையால் கவிழ்ந்த படகையும் மறு கையால் அவர் சட்டைக் காலரையும் பிடித்துக்கொண்டேன். நீந்தத் தெரிந்த அவரை நீந்தத் தெரியாத நான் பிடித்திருந்தேன். ஒவ்வொரு அலைக்கும் அவர் வாய்க்குள் தண்ணீர் போனது. "வுட்டுடாத" என்றார் ஒரு முறை. உதவிக்கு ஆள் கூப்பிட்டு நான் கத்திக்கொண்டே இருந்தேன்.

தூரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு கணவனும் மனைவியும் பரிசலைச் சுழற்றிக்கொண்டு வந்தார்கள். அந்த மனிதர் வலை அறுக்கும் கத்தியோடு குதித்து முங்கினார். அந்தப் பெண் என் தோளை இறுக்கிப் பிடித்து, "பயப்படாதக்கா, அவரு அறுத்துடுவாரு. நீ புடிச்ச புடிய வுடாத" என்றாள். சட்டென்று கையில் கனம் குறைந்தது. கணவர் இடுப்பு வரை மேலே எழும்பி வந்து இருமினார். அந்த இருமலைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

கரையில் அவரை மடியில் சாய்த்துக்கொண்டு அழுதேன். அப்போதும் என் விரல்கள் காலரை விடவில்லை. அந்தப் பெண்தான் சிரித்துக்கொண்டே, "போதும்க்கா, இனி எங்கயும் போவமாட்டாரு" என்று ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள்.

கயாக்கை நாங்கள் விற்கவில்லை. கயிற்றை மட்டும் சட்டென்று அவிழ்க்கிற மாதிரி மாற்றியிருக்கிறார். ஜாக்கெட்டைக் கரை ஏறும்வரை கழற்றுவதில்லை. முன்பெல்லாம் அவர் குறட்டை விட்டால் இடித்து எழுப்புவேன். இப்போது எழுப்பத் தோன்றுவதில்லை. மூச்சு வருகிறதே என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போகிறேன்.