ஆரணியின் துவக்குக்கு எண் பார்த்த கதை

1. சிக்கிய கோது

ஜெர்மனியில் துவக்குத் திருத்தும் தமிழன் என்றால் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "துவக்குக்குப் பயந்துதானே ஓடி வந்தனீங்கள்?" ஓம். ஆனால் இங்கே Ausbildung என்ற தொழிற்பயிற்சி கிடைத்தது துவக்குப் பட்டறையில்தான். பேக்கரியில் கிடைத்திருந்தால் பாண் சுட்டிருப்பேன்.

ஆரணி கடைக்கு வந்தபோது துவக்கை உறையிலிருந்து எடுக்குமுன்பே மன்னிப்புக் கேட்டாள். சுட்ட தோட்டாவின் வெற்றுக் கோது அறைக்குள் இறுகிவிட்டது. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, சாவர்லாண்ட் காட்டில் வன அதிகாரி. துவக்கு பழைய இராணுவ 98 ரகம். அவளுக்கு வேலை பழக்கிய ஹெர் வின்டர், கண் மங்கியதும் அதை அவளுக்குக் கொடுத்துவிட்டார். இலையுதிர்கால வேட்டைக்கு அவரும் வருவதாகச் சொல்லியிருந்தார், சுட அல்ல, துவக்கை அவள் கையில் பார்க்க.

கோதைத் தட்டி எடுத்து, விளக்குப் பிடித்துப் பார்த்தேன். தோட்டா அறையின் கழுத்துப் பக்கம் துரு தின்றிருந்தது. இரண்டு வழிதான்: குழலையே மாற்றலாம், அல்லது அறையை ஆழமாக வெட்டி, கொஞ்சம் நீளமான வேறு தோட்டாவுக்கு ஆக்கலாம்.

"குழலை மாத்தினா அது வின்டரின்ர துவக்கு இல்லை, மாமா," என்றாள். அதோடு ஒரு வழி அடைபட்டது.

2. ஆலோசகர்கள்

துவக்கு பழுது என்றால் வேட்டைக்காரரில் வைத்தியர் அல்லாதவர் கிடையாது. ஆரணியின் வேட்டைக் குழு ஒரே குரலில் 8x68 போடச் சொன்னது. அது பெரிய தோட்டா. ஆல்ப்ஸில் பள்ளத்தாக்கைத் தாண்டிச் சுட உதவும். இவர்கள் சுடுவது ஐம்பது மீற்றரில் சோளம் தின்னும் பன்றியை. "சின்னத் தோட்டாவோட போனா என்னைச் சின்னப் பிள்ளை மாதிரிப் பாப்பினம்," என்று ஆரணி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். எனக்குக் கோபம் அவளில் இல்லை, அந்த மீசைக்காரர்களில்.

அந்தத் தோட்டாவின் அடி தடித்தது. அதற்காக, தோட்டாவை அறைக்குள் அடைத்துப் பிடிக்கிற பூட்டின் முகத்தை அகட்டவேண்டும், மகசீனை நீட்டவேண்டும், சிஸ்டம் என்று நாங்கள் சொல்லும் உருக்கு உடலில் பாரம் தாங்கும் இடத்திலேயே வெட்டவேண்டும். வெட்டியபிறகு துவக்கு அரசாங்கத்தின் பெஷுஸ்அம்டுக்குப் போகும். அங்கே வழக்கத்தைவிட அழுத்தம் கூடிய தோட்டா வைத்துச் சுட்டுப் பார்ப்பார்கள். போர்க்காலத்து உருக்கு அதில் வெடித்தால், வின்டரின் துவக்கு பழைய இரும்பு.

இதை விளக்கி முடித்த சனிக்கிழமை ஆரணியின் அப்பா நேரே வந்து இறங்கினார். ஹம்மில் இருப்பவர். ஊன்ட்றொப் கோயில் திருவிழாவில் கார் நிறுத்த இடம் காட்டுகிற அண்ணை. தன் காரின் இலக்கத்தகட்டில் எட்டு வரக்கூடாதென்று காசு கட்டி வேறு எண் எடுத்தவர்.

"தம்பி, எட்டு சனியின்ர எண். பிள்ளை காட்டுக்குள்ள தனிய நிண்டு வேலை செய்யிறவள். ஒன்பதும் இருக்காமே, அதைப் போட்டுக் குடுங்கோ."

அவர் கேட்டது 9.3x62. நல்ல தோட்டாதான், ஆனால் அதற்குப் புதுக் குழல் வேண்டும். எட்டு என்பது குழலால் பாய்கிற சன்னத்தின் பருமன், வெறும் மில்லிமீற்றர் என்று விளங்கப்படுத்தினேன்.

"மில்லிமீற்றர் எண்டாலும் எட்டு எட்டுத்தானே," என்றார்.

என் முதலாளியம்மா மூலையில் நின்று சிரித்தார். அவரும் வேட்டைக்காரிதான். சுட்ட மானின் வாயில், அதன் கடைசிக் கவளம் என்று பச்சைக் கிளை ஒன்றைச் செருகாமல் அதைத் தூக்க விடமாட்டார்.

3. கூட்டல்

நான் நினைத்து வைத்திருந்தது 8x60. முதலாம் உலகப் போருக்குப் பிறகு இராணுவத் தோட்டாவான 8x57க்குத் தடை வந்தபோது, வேட்டைக்காரர் தங்கள் 98களின் அறையை மூன்று மில்லிமீற்றர் ஆழமாக்கினார்கள். அதே துவக்கு, அதே சன்னம், நீளம் மட்டும் கொஞ்சம் கூட. அந்த மூன்று மில்லிமீற்றரில் சட்டத்துக்கு மனம் ஆறிவிட்டது. ஆரணியின் துவக்குக்கும் அந்த மூன்றே போதும். துரு தின்ற இடம் வெட்டுப்பட்டுப் போகும், பூட்டிலும் சிஸ்டத்திலும் கைவைக்கத் தேவையில்லை. தோட்டா எல்லாக் கடையிலும் கிடைக்காது, முன்கூட்டியே சொல்லி எடுக்கவேண்டும். அது ஒன்றுதான் குறை.

இதை அண்ணைக்கு எப்படிச் சொல்வது? உருக்கைப் பற்றிச் சொன்னால் தலையாட்டுவார், கேட்கமாட்டார். ஆகவே கூட்டிக் காட்டினேன். எட்டும் ஆறும் எட்டும் இருபத்திரண்டு, கூட்டினால் நாலு, ராகு. முகம் சுருங்கியது. ஒன்பதும் மூன்றும் ஆறும் இரண்டும் இருபது, அதாவது இரண்டு, சந்திரன். தேய்ந்து வளருகிற ஆள், பூட்டு நிலையாக நிற்குமோ தெரியாது என்றேன். பிறகு எட்டும் ஆறும் சைபரும் பதினாலு.

"அஞ்சு. புதன்," என்று அவரே முடித்தார். "அதையே வெட்டுங்கோ."

அவர் காருக்குப் போனதும் ஆரணி மெதுவாகக் கேட்டாள்: "மாமா, இதுகளை நீங்கள் நம்புறீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. கொப்பர் நம்புறார். சிஸ்டம் தாங்கும். எனக்கு அது காணும்."

4. Termin

அறையைச் சீவும் ரைபாலேயைக் கையாலேயே திருப்பித் திருப்பி வெட்டினேன். துருவின் கடைசிக் குழியும் போய் அறை பளபளத்தபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். பெஷுஸ்அம்டுக்குப் போன் எடுத்து Termin கேட்டேன், துவக்கைச் சோதிக்க ஒரு நாள். எட்டாம் திகதி தந்தார்கள்.

சரி என்று ரிசீவரை வைத்துவிட்டேன். தேநீர் குடித்தேன். வின்டரின் துவக்கு மேசையில் கிடந்தது. இந்த நாட்டில் கிடைத்த Termin ஒன்றை மாற்றுவது கிடைத்த வரத்தைத் திருப்பிக் கொடுப்பது போன்றது. திரும்ப எடுத்து, ஒரு நாள் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டேன். காரணம் கேட்டார்கள். வேலைக் காரணம் என்றேன்.

துவக்கு தாங்கியது. புது முத்திரையோடு திரும்பி வந்தது.

வேட்டையன்று ஹெர் வின்டர் அதைக் கையில் வாங்கி, பூட்டைத் திறந்து மூடி, குழலில் புதிதாகக் கொத்தியிருந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தாராம். "மூன்று மில்லிமீற்றருக்கா இவ்வளவு நாள்?" என்று கேட்டுவிட்டு, நெடுநேரம் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லையாம். மீசைக்காரர்கள் ஒவ்வொருவரும் 8x60 தாங்கள் சொன்ன யோசனைதான் என்றார்களாம்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுவேன். தோட்டாவைத் தெரிவுசெய்யும்போது வேட்டைக்காரரைக் கேட்காதீர்கள், சாத்திரத்தைக் கேட்காதீர்கள், சிஸ்டத்தைக் கேளுங்கள். அது தாங்குவதைச் சொல்லும். Termin எடுக்கும்போது மட்டும் கலண்டரை ஒருமுறை பாருங்கள்.