தேவேந்திரனுக்கு விழுந்த மாலை

சிங்கவரத்து தேவேந்திரன் தூங்கினாலும் அவருடைய கட்டைவிரல் தூங்காது. ஆள் குறட்டை விட, விரல் மட்டும் தனியாக எழுந்து மேனேஜருக்கு ‘ஓகே சார்’ என்று வாட்ஸ்அப் அனுப்பிவிட்டுப் படுத்துக்கொள்ளும். செஞ்சியில் ஒரு பைக் ஷோரூமில் அவர் சேல்ஸ்மேன். விடியுமுன் கிளம்பினால், மனைவி மஞ்சு தூங்கிய பிறகுதான் திரும்புவார். இப்படியே ஓடினால் விழுப்புரம் கிளைக்கு மேனேஜர் ஆகலாம் என்று மேனேஜர் ராஜாராம் ஆசை காட்டியிருந்தார். போதாததற்கு, தேவேந்திரன் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, ‘சிறந்த ஊழியர்’ என்று சுவரிலும் மாட்டிவிட்டார்.

ஆயுத பூஜை வந்தது. உழைக்கிற சாமான் எதையும் விடாமல் பூப்போடும்படி, கடையைக் கூட்டும் ராஜம்மாளிடம் ராஜாராம் சொன்னார். கம்ப்ரஸர், ஸ்பேனர், துடைப்பம் என எல்லாம் முடிந்தும் ஒரு ரோஜாமாலை மிஞ்சியது. இந்தக் கடையில் அதிகமாக உழைக்கும் சாமான் எது என்று யோசித்தாள். தேவேந்திரன் படத்துக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, ஊதுவத்தியும் கொளுத்தினாள்.

நம்மூரில் மாலை போட்ட படத்துக்கு ஒரே அர்த்தம்தான். வண்டி பார்க்க வந்த அனந்தபுரத்து தனகோட்டி, அப்படியே துக்கம் கேட்கக் கிளம்பிவிட்டார். வழி நெடுக எல்லோருக்கும் போனில் சொல்லிக்கொண்டே போனார்.

தேவேந்திரன் அப்போது தளவானூரில் வண்டி டெலிவரி கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் போனில் சார்ஜ் இல்லை. தாம் இறந்த செய்தி அங்கேயும் வந்துசேர, அடித்துப்பிடித்து வீட்டுக்கு ஓடினார். கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேட்டார்.

“தங்கமான மனுஷன். எந்நேரம் போன் அடிச்சாலும் எடுப்பாரு” என்றார் ஒருவர். அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல அந்தக் கூட்டத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அவரை முதலில் பார்த்தது மஞ்சு. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“செத்துட்டீங்கன்னு சொன்னாதான் பகல்ல வூட்டுக்கு வருவீங்களா?”

மறுநாள் தேவேந்திரன் ராஜாராம் முன்னால் போய் நின்றார். இனிமேல் ஒன்பதுக்கு வந்து ஆறுக்குக் கிளம்புவதாகவும், ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்கப் போவதில்லை என்றும் சொன்னார்.

“அப்போ விழுப்புரம்?”

“போட்டோல இருக்கிறவருக்குக் குடுங்க சார். அவருதான் தூங்கவே மாட்டாரு.”

விழுப்புரம் வேறொருவருக்குப் போயிற்று. இவரையும் வேலையை விட்டு அனுப்பிவிட ராஜாராம் நினைத்தார். ஆனால் ஜனங்கள் விடவில்லை. எமனுக்கே டிமிக்கி கொடுத்தவர் கையால் சாவி வாங்கினால் வண்டிக்கு விபத்தே வராது என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பேச்சு. ஆறு மணிக்குள் அவரைப் பிடிக்க வேண்டுமென்று காலையிலிருந்தே வரிசை நின்றது. வரிசையின் வால் செஞ்சிக் கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றியதாகச் சொல்கிறார்கள். நான் கொஞ்சம் குறைத்துத்தான் எழுதுகிறேன். கடைசியில் ராஜாராமே ஆறு மணிக்கு ஷட்டரை இறக்கி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்.

இப்போது சாயங்காலமானால் சிங்கவரத்தில் வாலிபால். தேவேந்திரன் அடித்த முதல் பந்து ராஜகிரி மலையைத் தாண்டிப் போய்விட்டது. பாயிண்ட் எதிரணிக்கு. மஞ்சு மட்டும் எழுந்து நின்று கைதட்டினாள்.