சியாகுல்லி வீதியோரக் கல்

பிள்ளைகளே, உங்கள் அப்பா நான் சொன்ன ஒரு பொய்யை நீங்கள் அறியவேண்டும்.

இத்தாலியில், சியாகுல்லி ஊரில் மண்டரின் தோடம்பழம் பிடுங்கப் போகும் வழியில் ஒரு நினைவுக்கல் உண்டு. அதைக் கடக்கும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றும் அந்த ஊர் ஆட்டுக்காரக் கிழவர் ஒருநாள் என்னை மறித்தார். தன் அப்பாவின் பெயரைச் சொன்னார்.

"காணி கேட்டதுக்கு அவரைச் சுட்டுப்போட்டாங்கள். அவரின்ரை பேர் இதிலை இருக்கோ? எனக்கு ஆடு எண்ணத்தான் தெரியும், நீ வாசி."

எனக்கும் இத்தாலியன் சரியாக வாசிக்க வராது. அதைச் சொல்ல வெட்கம். கண்ணை மட்டும் ஓட்டிவிட்டு, "ஓம், இருக்கு" என்றேன். அவர் கல்லைக் கொஞ்சினார்.

மனம் கேட்கவில்லை. ஞாயிறு தனியே போய் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். காணி கேட்டவர்களின் தலைவருடைய பெயர் மட்டும் இருந்தது, கீழே, "மற்றும் ஆறு கூலியாட்கள்."

அவர் சொன்ன பெயரை அதற்குக் கீழே ஆணியால் கீறிவிட்டு வந்தேன்.