ரேடியோவின் வாய்

முடிதிருத்தும் கடைக்காரரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். கத்தரி நின்றாலும் அவர் வாய் நிற்காது. தேர்தல், கல்யாணம், பக்கத்துக் கடைச் சண்டை எல்லாம் உங்கள் காதருகிலேயே ஒலிபரப்பாகும்.

அந்த வாயில்தான் நாற்றம் வந்தது. வெங்காயமோ சிகரெட்டோ அல்ல, கழுவாத கழிப்பறை நாற்றம். சவரத்துக்குக் குனிந்தபோது ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டதை ரேடியோ கண்ணாடியில் பார்த்துவிட்டார். உடம்பே கூசிப்போனது. அன்றோடு ஒலிபரப்பு நின்றது. ஓயாமல் பல் தேய்த்தார், கிராம்பு மென்றார், முகமூடி மாட்டிக்கொண்டு முடித்தூசு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். கால் வீங்கியதற்கு, நாளெல்லாம் நிற்கிறோமே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். இவர் விஷயத்தில் மட்டும் ஊர் மரியாதையாக வாயை மூடிக்கொண்டு வேறு கடைக்குப் போனது.

கடைசியில் பல் டாக்டரிடம் போய், கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிவிடச் சொன்னார். டாக்டர் வாயைப் பார்த்தார், காலைப் பார்த்தார், இடுக்கியைக் கீழே வைத்தார்.

"பல்லுல ஒண்ணும் இல்லைங்க. இது கிட்னி மாதிரி தெரியுது. சாப்பாட்டுல இருக்கிற புரதத்தை உடம்பு செலவழிச்சதும் யூரியான்னு ஒரு கழிவு மிஞ்சும். கிட்னிதான் அதை வடிகட்டி சிறுநீர்ல தள்ளணும். அது படுத்துட்டா கழிவு ரத்தத்துலயே தங்கி, எச்சில்ல கசிஞ்சு, வாயில அம்மோனியாவா மாறிடும். அந்த வாடைதான் இது. இன்னைக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க."

சோதனையும் அதையே சொன்னது. இரண்டு கிட்னியும் கிட்டத்தட்ட ஓய்ந்திருந்தன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?" என்று ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டபோது, பதில் சொல்ல வேண்டியவர் ரேடியோ. தலையைக் குனிந்துகொண்டது அவர் மனைவி.

முதல் நாள், அவர் ரத்தம் குழாய் வழியே இயந்திரத்துக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் படுக்கை விரிப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எனக்கு அப்பவே தெரியும். ஃபேன் காத்து ஒத்துக்கலைன்னு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேனே, அது பொய். சொன்னா உங்க மனசு நோகுமேன்னு விட்டுட்டேன். சொல்லியிருந்தா இந்த மெஷின் வரைக்கும் வந்திருக்காதோ என்னமோ."

"நான் மட்டும் என்ன? உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வெட்கமா இருந்துச்சு."

ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் வெட்கப்பட்டிருக்கிறார்கள். அந்த வெட்கத்துக்கு விலை அவருடைய இரண்டு கிட்னி.

நர்ஸ் ஊசியை எடுத்துக் கட்டுப் போட்டுப் போனதும் ரேடியோ முகமூடியைக் கழற்றினார்.

"இப்ப எப்படி இருக்கு? உண்மையைச் சொல்லு."

பக்கத்துப் படுக்கைக்காரர் பார்ப்பதையும் பொருட்படுத்தாமல் அவள் அவர் முகத்தருகே குனிந்தாள். அத்தனை அருகில் வந்து மாதக்கணக்காகியிருந்தது.

"ரொம்பக் கொறைஞ்சிருக்கு," என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "ஆனா இன்னும் வருது."

அவர் முகம் சுண்டிவிட்டது. கை தானாக முகமூடியைத் தேடியது. எடுத்தவர், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அடுத்த தடவையும் பார்த்துச் சொல்லு," என்றார்.