கீழே தள்ளிய குமிழ்

எனக்குக் கனத்த குரல். கிணற்றுக் கல்லில் வாளி உரசுகிற மாதிரி இருக்கும். அதை நான் மறைத்ததுமில்லை, மறைக்கச் சொன்னவர்களை மன்னித்ததுமில்லை.

எழுபதுகளின் கடைசி. முதலமடையில் மாம்பூ வாசம் ஜன்னலை முட்டும் தை மாதத்தில், அண்ணன் பேர்ஷியாவிலிருந்து (அரபு நாடு எதுவானாலும் எங்களுக்குப் பேர்ஷியாதான்) ஒரு டேப் ரெக்கார்டரோடு வந்தார். அதன் நெஞ்சில் வரிசையாகக் குமிழ்கள். மேலும் கீழும் தள்ளலாம். ஈக்வலைசராம். அப்போதுதான் கோவிந்தாபுரத்து மாப்பிள்ளை வீட்டார், பெண் பாடுமா என்று தரகரிடம் கேட்டு விட்டிருந்தார்கள். கேசட்டிலேயே பாடி அனுப்புவது என்று அண்ணன் முடிவுகட்டினார்.

கோழிகளை விரட்டி, கதவைச் சாத்தி, ஒரு கும்மிப் பாட்டுப் பாடினேன். போட்டுக் கேட்டவர் முகம் புளித்தது. கனத்த ஒலிக்கான பேஸ் குமிழை அடிவரை இறக்கினார், கீச்சொலிக்கான ட்ரெபிளை உச்சிக்கு ஏற்றினார், மறுபடி பாடச் சொன்னார். இந்த முறை பெட்டிக்குள் எவளோ ஒருத்தி தகர மூக்கால் பாடினாள்.

"இப்பத்தான் அம்மிணி, பொண்ணாட்ட இருக்குது" என்றார்.

அது நானில்லை. அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரம் குமிழை ஏற்றினேன். வந்து இறக்கினார். ஏற்றினேன். இறக்கி, விரலை எடுக்காமலே கடைசிப் பதிவை முடித்தார். என் பேரைச் சொல்லிக்கொண்டு அந்தத் தகர மூக்குக்காரி அல்லவா போகிறாள் என்று எனக்கு ஆறவேயில்லை.

தரகர் கேசட்டோடு திரும்பி வந்தார். மாப்பிள்ளை வீட்டில் குமிழே இல்லாத சாதாரண செட். கேட்ட மாமியார்க்காரி, பெண்ணுக்குச் சளியா, இல்லை அண்ணன்காரரே பாடினாரா என்றாளாம்.

நான்தான் குமிழை ஏற்றிக் கெடுத்தேன் என்று அண்ணன் என்மேல் பாய்ந்தார். நான் கேசட்டைப் போட்டு, குமிழ்களை நடுவில் நிறுத்தினேன். என் குரல் முழுசாக எழுந்தது. குமிழ்கள் ஸ்பீக்கரை மட்டும்தான் ஆண்டன. பதியும்போது நாடாவைத் தொடவேயில்லை. அவர் விரல் நோக அழுத்தியதெல்லாம் வெறும் பிளாஸ்டிக்கை.

சித்தி மகளைப் பாடவைத்து வேறு கேசட் அனுப்பலாம் என்றார்.

"அப்ப அவளையே கட்டிக் குடுத்துப்போடுங்ண்ணா."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கேசட்டைத் திருப்பிப் போட்டு, பதிவதற்கான இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினேன். அதே பாட்டு, சுருதியை இன்னும் ஒரு கட்டை இறக்கி. முடித்ததும் தரகர் கையிலேயே கொடுத்தேன்.

"சளியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பொண்ணு இப்படித்தான் பாடும்னு சொல்லிப்போடுங்க."